பின் கண்ணாடிக்கு மோட்டார் சன் ஷேடு: நானே மாட்டினேன், நானே கெடுத்தேன், நானே சரிசெய்தேன்

கோபாலபுரத்தான்:

வணக்கம் மக்களே. வீடு பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையில் இருக்கிற கோபாலபுரம் பக்கம், வேலை பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில். காலையில் வடமேற்கே போகிறேன், சாயங்காலம் தென்கிழக்கே திரும்புகிறேன். யோசித்துப் பாருங்கள், இரண்டு வேளையும் வெயில் வண்டியின் முதுகில்தான். ஓட்டுகிற எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை, கண் கூசாது. பின்னால் உட்கார்ந்து வருகிற மகளுக்கும் அக்கா மகனுக்கும்தான் கழுத்து வெந்து போகிறது. இருவரையும் வழியில், எல்லை தாண்டிய கொழிஞ்சாம்பாறையில் பள்ளியில் இறக்கிவிடுவதற்குள் மார்ச் மாதத்தில் ஒரு பஞ்சாயத்தே நடந்துவிடும், நடு சீட்டில் யார் என்று.

வண்டி 2013 மாடல் டீசல் செடான். வாரண்டி முடிந்து மாமாங்கம் ஆகிறது, அதனால் கை வைக்கப் பயமில்லை. சென்னையில் இருக்கும் மச்சினன் புதுப்பேட்டையில் ஒரு பழைய ஜப்பான் செடானில் இருந்து கழற்றிய மோட்டார் சன் ஷேடு (பின் சீட்டுக்குப் பின்னால் இருந்து ஏறிக் கண்ணாடியை மறைக்கிற வலைத் திரை) ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கி அனுப்பிவிட்டான். உருளை, வலைத் துணி, இரண்டு மடக்குக் கை, மோட்டார் எல்லாம் ஒரே இரும்புப் பட்டையில் இருக்கிறது. மோட்டாரில் இருந்து இரண்டே வயர். பைக் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன், மேலே போகிறது. வயரை மாற்றிக் கொடுத்தால் கீழே வருகிறது. ஸ்விட்ச் இல்லை, வேறு பெட்டி எதுவும் இல்லை.

இதை நானே மாட்டலாம் என்று இருக்கிறேன். செய்தவர்கள் இருந்தால் எங்கே உதைக்கும் என்று சொல்லுங்கள்.

ஓட்டைப்பெட்டி:

முந்நூறு ரூபாய்க்குக் கண்ணாடியில் ஒட்டுகிற வலை கிடைக்கிறது. வாங்கி ஒட்டிவிட்டுப் போகாமல் இது எதற்கு?

கோபாலபுரத்தான்:

ஒட்டினேன் அண்ணா. ரப்பர் கப் ஏப்ரலில் ஒரு மணி நேரம் நிற்காது, சொத்தென்று பிள்ளைகள் தலையில் விழும். தவிர, ராத்திரி ஓட்டும்போது அதை எடுக்க முடியாது. பின்னால் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. எனக்கு வேண்டியது வேண்டும்போது ஏறி, வேண்டாதபோது இறங்குகிற ஒன்று.

டீசல்தாத்தா:

தம்பி, முதலில் இன்ச் டேப்பை எடு, ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் எடுக்கலாம். எல்லோரும் கீழே, பார்சல் டிரே (பின் சீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற தட்டு) அகலத்தை அளந்துவிட்டு ‘பொருந்துகிறது’ என்று சந்தோஷப்படுவார்கள். கண்ணாடி மேலே போகப் போகக் குறுகும். ஷேடின் மேல் கம்பி, ஏறி நிற்கிற உயரத்தில் இரண்டு பக்கத் தூணுக்கும் நடுவில் இடிக்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு அட்டைப் பெட்டியை அந்தத் துணியின் அளவுக்கே வெட்டி, உள்ளே நிறுத்திப் பார். அட்டை இடித்தால் பரவாயில்லை. கம்பி இடித்தால் தூணின் உறையில் கோடு விழும், மோட்டாரும் திணறும்.

கை நீளமும் முக்கியம். கண்ணாடி சாய்வாக இருப்பதால் நேர் உயரத்தை அளக்காதே, சாய்வின் மேலேயே டேப்பை வைத்து அள.

அப்புறம் டிக்கியைத் திறந்து படுத்துக்கொண்டு மேலே பார். நிறைய செடான்களில் டிக்கி மூடியைத் தூக்குகிற முறுக்குக் கம்பிகள் இரண்டு, டிரேயின் அடியில் குறுக்கே போகும். மோட்டார் தொங்குகிற இடத்தில் அந்தக் கம்பி இருந்தால், டிக்கியை மூடும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு உன் 2,800 முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை கோலி:

நம்ம ஊர்ப் பள்ளிக்குத்தான் பிள்ளைகள் வருகிறார்களா, சந்தோஷம். ஒரு விஷயம் மட்டும். வண்டி தமிழ்நாடு பதிவு என்றாலும் ஓடுவது பாதி நேரம் கேரளத்தில். இங்கே 2021 ஜனவரியில் மோட்டார் வாகனத் துறை ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’ என்று ஒன்று நடத்தியது ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம், உள்ளே கர்ட்டன், எதுவாக இருந்தாலும் நிறுத்தி ஃபைன். சில நாளில் அந்தச் சோதனை ஓய்ந்துவிட்டது, ஆனால் கர்ட்டன் என்றால் இப்போதும் கண் அங்கேதான் போகும். பார்த்துச் செய்யுங்கள் சேட்டா.

மின்கம்பி:

சட்டத்தைப் பிறகு பேசலாம், முதலில் மின்சாரம். (நான் பொள்ளாச்சியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன், பதினெட்டு வருஷம்.)

இரண்டு வயர் மோட்டார் என்றால், திசை மாற வேண்டுமானால் பிளஸ்ஸும் எர்த்தும் இடம் மாற வேண்டும். ஆறு கால் உள்ள, கை எடுத்தால் நடுவுக்கே திரும்பி வருகிற ஸ்விட்ச் ஒன்று போதும், பவர் விண்டோ மாதிரி. ஆனால் அப்படிச் செய்தால் மோட்டாரின் முழு கரண்டும் டேஷ்போர்டுக்கு வந்து திரும்பி டிக்கிக்குப் போகும். தேவையில்லாத நீளம். அதைவிட, டிக்கியிலேயே ஐந்து கால் ரிலே இரண்டு வையுங்கள். ரிலே என்றால், உள்ளே இருக்கிற காயிலுக்குச் சின்ன கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டை மாற்றிவிடுகிற ஸ்விட்ச்; 30, 87, 87ஏ என்பவை அதன் கால்களின் எண்கள். மோட்டாரின் ஒரு வயர் முதல் ரிலேயின் 30-க்கு, இன்னொன்று இரண்டாவது ரிலேயின் 30-க்கு. இரண்டின் 87-க்கும் பியூஸ் வழியாக பிளஸ். இரண்டின் 87ஏ-க்கும் எர்த். சும்மா இருக்கும்போது மோட்டாரின் இரண்டு முனையும் எர்த்தில் இருக்கும். முதல் ரிலே இழுத்தால் ஒரு திசை, இரண்டாவது இழுத்தால் எதிர்த் திசை. தெரியாமல் இரண்டையும் அழுத்தினாலும் இரண்டு முனையிலும் பிளஸ்தான் வரும், மோட்டார் சும்மா நிற்கும், ஷார்ட் ஆகாது. கை எடுத்த நொடியே மோட்டார் பிரேக் போட்ட மாதிரி நிற்பதும் இந்த இணைப்பால்தான், இரண்டு முனையும் எர்த்தில் சேர்ந்துவிடுகிறது அல்லவா.

இப்படிச் செய்தால் டேஷ்போர்டு ஸ்விட்சுக்கு ரிலே காயிலின் கரண்ட் மட்டும்தான். மெல்லிய வயர் போதும்.

பியூஸ் பற்றி ஒரு வார்த்தை. ‘பியூஸ் போட்டால் மோட்டார் எரியாது’ என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். பியூஸ் இருப்பது வயருக்காக. உங்கள் மோட்டார் ஓடும்போது எவ்வளவு, பிடித்து நிறுத்தினால் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

கோபாலபுரத்தான்:

மீட்டர் வைத்துப் பார்த்தேன் அண்ணா. ஓடும்போது 1.4 ஆம்பியர். உச்சிக்குப் போய் முட்டிய பிறகும் வயரைப் பிடித்தபடி இருந்தால் 5 ஆம்பியர் வரை ஏறுகிறது.

மின்கம்பி:

அதுதான் சொன்னேன். நீங்கள் 5 ஆம்பியர் பியூஸ் போட்டால், 5 ஆம்பியர் இழுக்கும்போது அது உடனே போகாது, சுகமாக உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் மோட்டாரின் காயில் வெந்துவிடும். ஸ்விட்சில் கை வைத்து ஓட்டுகிற வரை பிரச்சினை இல்லை, முட்டியதும் நீங்களே கையை எடுத்துவிடுவீர்கள். தானாக ஓட வைக்கப் போகிறீர்கள் என்றால் மேலேயும் கீழேயும் லிமிட் ஸ்விட்ச், அதாவது முனைக்கு வந்ததும் கரண்டைத் துண்டிக்கிற ஸ்விட்ச், வேண்டும்.

கோபாலபுரத்தான்:

இல்லை அண்ணா, கையால்தான். ரிவர்ஸ் போட்டால் மட்டும் தானாக இறங்கினால் நன்றாக இருக்கும், பெரிய வண்டிகளில் இருக்கிற மாதிரி. ரிவர்ஸ் லைட் வயர் டிக்கியிலேயே இருக்கிறது, அதை எடுத்து இறக்குகிற ரிலேயில் கொடுத்துவிட்டால் முடிந்ததுதானே?

மின்கம்பி:

அவ்வளவு சுலபம் இல்லை. சனிக்கிழமை கடைக்கு வாருங்கள், வரைந்து தருகிறேன்.

செங்கோட்டைச் சாரல்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் ஆரியங்காவு மலைப்பாதையில் வாரம் இரண்டு முறை போய் வருகிறவன். ரிவர்ஸில் தானாக இறங்குவது அங்கே உயிர் காக்கும் விஷயம். வளைவில் எதிரே பெரிய வண்டி வந்து பின்னால் எடுக்க வேண்டியிருக்கும்போது, திரையை இறக்க ஸ்விட்ச் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதை விட்டுவிடாதீர்கள்.

கோபாலபுரத்தான்:

சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. வெள்ளி விடுமுறை கிடைத்தது, இறங்கிவிட்டேன். என் தப்பு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்தேன். பின் சீட் அடிப்பலகை என் வண்டியில் இரண்டு கிளிப்பில் நிற்கிறது, முன் ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்தால் வந்துவிடும். முதுகுப் பகுதிக்கு அடியில் போல்ட், அதைக் கழற்றி அப்படியே மேலே தூக்க வேண்டும். சீட் பெல்ட் டிரேயின் துளை வழியாக வருவதால் டிரேயை முழுசாக வெளியே எடுக்க முடியவில்லை, பெல்ட்டின் கீழ் போல்ட்டைக் கழற்றிய பிறகுதான் வந்தது. (அந்த போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது கையளவு இறுக்கிவிட்டு விடாதீர்கள், அது உயிரைப் பிடிக்கிற போல்ட். நான் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி, சர்வீஸ் மேனுவலில் போட்டிருந்த அளவுக்கு இறுக்கினேன்.)

டிரே என்பது மேலே ஃபெல்ட் ஒட்டிய அழுத்தப்பட்ட நார் அட்டைதான். அதன் அடியில் பாடியின் தகடு. தாத்தா சொன்ன மாதிரி அட்டைப் பெட்டியை வெட்டி நிறுத்திப் பார்த்ததில், கை ஏறி நிற்கும்போது கண்ணாடியின் மேல் விளிம்புக்கு எட்டு சென்டிமீட்டர் குறைகிறது. முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து நடுக் கண்ணாடியைப் பார்த்தால், அந்த எட்டு சென்டிமீட்டர் இடுக்கு வழியாகப் பின்னால் வருகிற பஸ்ஸின் நெற்றி தெரிகிறது. சரி, நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

ஷேடு வெளியே வர டிரேயில் 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு நீளத் துளை. பிரேக் லைட் ஒன்று டிரேயின் நடுவில் கண்ணாடியை ஒட்டி இருக்கிறது அல்லவா, துளை அதற்கு முன்னால், அதாவது சீட் பக்கம் வர வேண்டும். இல்லாவிட்டால் திரை ஏறும்போது அந்த லைட்டைப் பின்னால் வருகிறவனுக்கு மறைத்துவிடும். நான் முதலில் பென்சிலால் கோடு போட்டது தப்பான பக்கத்தில்தான். அக்கா மகன் பத்து வயசு, ‘மாமா, லைட்டு உள்ளே போயிடுமே’ என்றான். கோட்டை அழித்தேன்.

ஜிக்சா இல்லை, ஹேக்சா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்து அறுத்தேன். ஃபெல்ட் பிரிந்து பல்லை இளித்தது. கதவு ஓரத்துக்குப் போடுகிற ரப்பர் பீடிங் இரண்டு மீட்டர் வாங்கி விளிம்பில் அழுத்தினேன், கம்பெனி வேலை மாதிரி ஆகிவிட்டது. இந்த முழு வேலையில் பார்க்கிறவர்கள் பாராட்டுவது அந்த அறுபது ரூபாய் பீடிங்கைத்தான்.

தகட்டில் மாட்ட நான்கு இடம் வேண்டும். இரண்டுக்கு ஸ்பீக்கர் பக்கத்தில் ஏற்கெனவே துளை இருந்தது, மற்ற இரண்டைப் போட்டேன். டிக்கியில் ஆளை உட்கார வைத்து, டிரில் எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். சீட் அடியில் மட்டும் டிரில்லைக் கொண்டுபோகவே இல்லை, அங்கே கீழே டீசல் டேங்க். துளை போட்ட இடத்தில் துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு தடவி, ரிவெட் நட் வைத்து இறுக்கினேன். முறுக்குக் கம்பிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கிறது, தாத்தாவுக்குக் கோடி நமஸ்காரம்.

வயர்: சிகரெட் லைட்டர் பியூஸில் இருந்து தனி பியூஸ் டேப் போட்டு, ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று, ஸ்விட்சுக்கு மெல்லிய வயர் இரண்டு. கதவு ஓரத்துப் படி உறையின் அடியில், ஏற்கெனவே போகிற வயர்க் கட்டோடு சேர்த்து டிக்கி வரை. எர்த் டிக்கியிலேயே, பெயின்டைச் சுரண்டிவிட்டு.

பேட்டரியை மாட்டினேன். ஸ்விட்சை மேலே தட்டினேன். சர்ர்ர் என்று ஏறியது. வீடே கை தட்டியது. கீழே தட்டினேன், இறங்கியது. கூடவே ஸ்டீரியோவின் திரையில் ரிவர்ஸ் கேமரா வந்து, பார்க்கிங் சென்சார் கீ கீ என்று கத்தி, பின்னால் வெள்ளை லைட் இரண்டும் எரிந்தன. கியர் நியூட்ரலில் இருக்கிறது! அப்பா வெளியே நின்றவர், வண்டி தன் மேல் வருகிறது என்று திண்ணைக்கே தாவிவிட்டார்.

மின்கம்பி:

சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. அப்பாவுக்கு அடி ஒன்றும் இல்லையே?

நீங்கள் இறக்குகிற ஸ்விட்ச் வயரையும் ரிவர்ஸ் லைட் வயரையும் ரிலேயின் ஒரே காலில் முறுக்கிவிட்டீர்கள். ரிவர்ஸ் போட்டால் லைட் வயரில் இருந்து ரிலேக்கு கரண்ட் வருகிறது, சரி. ஸ்விட்சைத் தட்டினால் அதே முடிச்சு வழியாக கரண்ட் லைட் வயருக்குள் திரும்பிப் போகிறது. கேமராவும் சென்சாரும் அந்த வயரை நம்பித்தான் வாழ்கின்றன, அவற்றுக்கு எப்படித் தெரியும் இது ஸ்விட்சா கியரா என்று. அதைவிட, 21 வாட் பல்பு இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியர் உங்கள் மெல்லிய ஸ்விட்ச் வயர் வழியாகப் போயிருக்கிறது. தொட்டுப் பார்த்தீர்களா, சூடாக இருந்திருக்கும்.

தீர்வு இரண்டு ரூபாய். ரிவர்ஸ் லைட் வயருக்கும் ரிலே காலுக்கும் நடுவில் ஒன் என் 4007 டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) ஒன்று, வெள்ளிக் கோடு ரிலே பக்கம். ஸ்விட்ச் வயருக்கும் அதே மாதிரி ஒன்று போட்டுவிடுங்கள், ஸ்விட்சுக்குள் சின்ன லைட் இருந்தால் ரிவர்ஸில் அது எரியாமல் இருக்கும். ரிலே காயில் இழுப்பது ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குகூட வராது, இந்த டயோடு தாராளமாகத் தாங்கும்.

இப்போது நான் ‘சுலபம் இல்லை’ என்று சொன்ன விஷயம். டயோடு போட்டதும் ரிவர்ஸில் தானாக இறங்கும். இறங்கி முடித்த பிறகு? நீங்கள் ரிவர்ஸிலேயே ஒரு நிமிஷம் நின்றால், அந்த ஒரு நிமிஷமும் மோட்டார் முட்டிக்கொண்டு 5 ஆம்பியர் இழுக்கும். திரை ஏற்கெனவே கீழேதான் இருக்கிறது என்றாலும் ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் இதே கதை. மூன்று மாதத்தில் காயில் போய்விடும், ‘பழைய சாமான் வாங்கினால் இப்படித்தான்’ என்று புதுப்பேட்டையைத் திட்டுவீர்கள்.

எனவே மடக்குக் கை முழுசாகப் படுக்கிற இடத்தில் ஒரு மைக்ரோ ஸ்விட்ச். கை வந்து அழுத்தினால் மோட்டாரின் வயர் துண்டிக்கப்பட வேண்டும். ஆனால் அப்படியே துண்டித்துவிட்டால் திரும்ப ஏற முடியாது, வயர்தான் அறுந்து கிடக்கிறதே. அதனால் மைக்ரோ ஸ்விட்சின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு ஒன் என் 5408 டயோடு, மூன்று ஆம்பியர் தாங்குவது. இறங்குகிற திசையில் கரண்டைத் தடுக்கும், ஏறுகிற திசையில் விடும். கை கொஞ்சம் எழுந்ததும் ஸ்விட்ச் தானாகச் சேர்ந்துகொள்ளும். மேல் முனைக்கும் இதே ஜோடி, டயோடு தலைகீழாக. கோடு எந்தப் பக்கம் என்று குழம்பினால், வைத்துப் பாருங்கள், தப்பாக இருந்தால் லிமிட்டில் நிற்காது. திருப்பி வைத்தால் நின்றுவிடும்.

கோபாலபுரத்தான்:

அப்பா நலம். திண்ணையில் இருந்து இறங்க மறுக்கிறார், அவ்வளவுதான். ஸ்விட்ச் வயர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, நல்ல வேளை.

தலைகீழாகப் படுத்துக்கொண்டு உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். இப்போது புரிந்தது. நாளை கோவை காந்திபுரம் போய் டயோடும் மைக்ரோ ஸ்விட்சும் வாங்கி வருகிறேன்.

வாளையார் லாரி:

இதெல்லாம் இருக்கட்டும், சட்டம் என்ன சொல்கிறது? உச்ச நீதிமன்றமே தடை செய்துவிட்டதே.

கொழிஞ்சாம்பாறை கோலி:

2012 ஏப்ரல் 27-ல் வந்த அந்தத் தீர்ப்பு கண்ணாடியில் ஒட்டுகிற ஃபிலிமைப் பற்றியது அண்ணா. அடிப்படை, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி: முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீதம் வெளிச்சத்தை விட வேண்டும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம். அதன் பிறகு விதியே திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள பாதுகாப்புக் கண்ணாடிக்கு இடம் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இந்த 70, 50 அளவு குறையாமல் இருந்தால் ஃபிலிமுக்காக அபராதம் போடக் கூடாது என்று சொன்னது.

வாளையார் லாரி:

அப்படியானால் திரையும் ஓகேதானே? கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கிறது, திரை தனியாக நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறை கோலி:

அப்படி வாதாடலாம். சாலையோரத்தில் நிறுத்தப்பட்டு, பிள்ளைகள் பள்ளிக்கு நேரமாகிறது என்கிற நிலையில் வாதாடுவீர்களா என்பதுதான் கேள்வி. ஃபிலிமுக்கு வந்த தீர்ப்பைத் திரைக்குக் காட்டினால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நிறுத்துகிற அதிகாரிக்குக் கட்டாயம் இல்லை. ஆபரேஷன் ஸ்கிரீன் நடந்த வாரம் என் சித்தப்பா வண்டியை ஒரு அதிகாரி நிறுத்தினார். பக்கக் கண்ணாடியில் பூப் போட்ட கர்ட்டன், சித்தி தைத்தது. ‘கம்பெனியிலேயே பின் திரையோடு வரும் வண்டிகள் இருக்கின்றனவே’ என்று சித்தப்பா சட்டம் பேசினார். அபராதச் சீட்டுதான் கிடைத்தது. சித்தி இன்றும் அந்தப் பூத்துணியைக் காட்டிப் புலம்புவார்.

டீசல்தாத்தா:

பொத்தானைத் தட்டினால் நான்கு நொடியில் இறங்கிவிடும் அல்லவா. சோதனைச் சாவடி தூரத்தில் தெரியும்போதே தட்டிவிட்டுப் போ. நான் லாரி ஓட்டிய காலத்தில் வாளையாரில் வண்டியை நிறுத்தி பேப்பர் காட்டவே பாதி ராத்திரி போகும், இப்போது உங்களுக்கெல்லாம் இது ஒரு கஷ்டமா.

ஓட்டைப்பெட்டி:

இவ்வளவு பாடுபட்டு வண்டிக்குள் எத்தனை டிகிரி குறையும்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மின்கம்பி:

வண்டி முழுக்கக் குளிர்ந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் வலை அதைப் பிடிக்கிறது. வலை சூடாகும், அந்தச் சூடும் உள்ளேதான் இருக்கும். நிறுத்திய வண்டிக்குக் கண்ணாடியின் வெளிப்பக்கம் போடுகிற உறைதான் நல்லது. இது ஓடுகிற வண்டியில், உட்கார்ந்திருப்பவர் உடம்பில் நேராக வெயில் படாமல் இருக்க. மரத்தடியில் நின்றால் காற்றின் சூடு மாறாது, ஆனால் நிற்க முடிகிறது, அந்த மாதிரி.

கோபாலபுரத்தான்:

முடித்துவிட்டேன், இரண்டு வாரம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

டயோடு போட்டதும் கேமராவும் லைட்டும் தங்கள் வேலையை மட்டும் பார்க்கின்றன. மைக்ரோ ஸ்விட்சை நிறுத்துவதுதான் மின்சார வேலையைவிடப் பெரிய வேலை ஆகிவிட்டது. கை படுக்கிற இடத்தில் அதைச் சரியான உயரத்தில் வைக்க வேண்டும். சற்று மேலே இருந்தால் திரை முழுசாக இறங்காமல் துளைக்கு வெளியே கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறது, சற்றுக் கீழே இருந்தால் அழுந்துவதே இல்லை. கடைசியில் அலுமினியப் பட்டையில் நீளவாக்கில் துளை போட்டு, ஸ்க்ரூவைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்தும்படி வைத்த பிறகு அமைந்தது. இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது, மத்தியானச் சாப்பாட்டை டிக்கியில் உட்கார்ந்தே சாப்பிட்டேன்.

இன்னொரு தப்பும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இணைப்புகளை எல்லாம் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் வயரின் மேல் தனியாக நழுவுகிறது. நம்ம ஊர் ஏப்ரலில் மூடிய டிக்கி அடுப்புதான். எல்லாவற்றையும் பிரித்து, கிரிம்ப் செய்து (வயர் முனைகளை உலோக உறையில் வைத்து நசுக்கி), சூடு காட்டினால் சுருங்குகிற குழாய் போட்டுத் திரும்பக் கட்டினேன்.

சத்தம்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கி ஓட்டினால், ஏறி நிற்கிற திரை படபடவென்று அடிக்கிறது. மடக்குக் கை மேல் கம்பியில் சேரும் இடத்தில் ஃபெல்ட் டேப் ஒட்டியதும் பாதி அடங்கியது. மீதிக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவதுதான் வழி.

டிஃபாகர் கோடுகளில் (பின் கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்கச் சூடாகிற கோடுகள்) எதுவும் உரசவில்லை, திரைக்கும் கண்ணாடிக்கும் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. மேல் கம்பி ஆடாமல் இருக்கக் கண்ணாடியில் கொக்கி ஒட்டலாம் என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். வேண்டாம், பின்னால் அதைப் பிய்க்கும்போது டிஃபாகர் கோடும் சேர்ந்து வரும்.

கோபாலபுரம் சாவடி பக்கம் வரும்போது தாத்தா சொன்னபடி இறக்கிவிடுகிறேன். இருட்டினாலும் இறக்கிவிடுகிறேன், வலை வழியாக ராத்திரியில் பின்னால் வருகிற பைக் தெரிவதில்லை.

தென்னந்தோப்பு:

அருமை அண்ணா. என்னுடையது போன வருஷம் வாங்கிய புது வண்டி, ஆறு ஏர்பேக். இதையே அப்படியே செய்யலாமா?

மின்கம்பி:

அப்படியே செய்ய வேண்டாம். ஆறு ஏர்பேக் என்றால் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கூரை ஓரத்தில் பின் தூண் வரை வரும், அந்தத் தூண் உறையைப் பிடித்து இழுக்காதீர்கள், அதன் பின்னால் வயரும் விடாதீர்கள். மஞ்சள் நிற கனெக்டர் எங்கே பார்த்தாலும் கையை எடுத்துவிடுங்கள். புது வண்டிகளில் ரிவர்ஸ் லைட்டைக் கம்ப்யூட்டர் பெட்டி ஓட்டுகிறது, எல்.இ.டி. என்றால் வயரில் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலே மீட்டரில் எச்சரிக்கை காட்டும் வண்டிகள் இருக்கின்றன. வாரண்டி வேறு. உங்களுக்கு ஓட்டைப்பெட்டி சொன்ன முந்நூறு ரூபாய் வலைதான் சரி.

ஓட்டைப்பெட்டி:

கடைசியில் என் பேச்சுக்கும் ஒரு மரியாதை.

செங்கோட்டைச் சாரல்:

கோபாலபுரத்தாரே, ரிவர்ஸ் எடுத்து முடித்ததும் தானாக மேலே ஏறுமா?

கோபாலபுரத்தான்:

ஏறாது, நானே தட்ட வேண்டும். அதையும் தானாக்க டைமர் ரிலே வாங்கலாமா என்று யோசித்தேன். ஆனால் ஸ்விட்சைத் தட்டுகிற உரிமை இப்போது நடு சீட்டுக்குப் பதிலாக வந்திருக்கிறது. திங்கள், புதன், வெள்ளி மகள், மற்ற நாள் அக்கா மகன். ஸ்விட்சை கியர் பக்கத்தில் இருந்து எடுத்துப் பின் சீட் நடுவில் வைத்துவிட்டேன். எனக்குத் தட்ட வேண்டுமானால் கேட்டுத்தான் தட்ட வேண்டும்.

மின்கம்பி:

ஐயையோ, அப்படியானால் மேல் லிமிட் ஸ்விட்சும் போட்டாயிற்றா? பிள்ளைகள் கையை எடுக்க மாட்டார்கள்.

கோபாலபுரத்தான்:

போட்டாயிற்று அண்ணா. முதலில் அதைத்தான் போட்டேன்.